ஒன்பது நாள் மறுசோதனை

என் மகளின் கண்ணிமைகளில் இருந்தது மை என்று நினைத்து, பஞ்சைத் தேங்காயெண்ணெயில் தொட்டு அழுத்தித் துடைத்தேன். கத்தரிப்பூ நிறத்தில் மெலிதாக ஒரு பூச்சு. பள்ளி ஆண்டு விழாவில் ஆடப்போகிற பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பூசிப் பார்த்திருப்பார்கள் என்று எண்ணினேன். "நான் ஒண்ணும் பூசலம்மா" என்றாள். பொய் சொல்லாதே என்று திட்டி இன்னும் அழுத்தினேன். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. அதைக் குப்பையில் போட்டுவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனேன்.

பஞ்சு வெள்ளையாக இருந்ததை என் கண் பார்த்தது. மனம் வாங்கிக்கொள்ளவில்லை. பார்த்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், வீடு கட்டும் கம்பி செய்கிற ஆலை ஒன்றின் சோதனைக் கூடத்தில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். வேதியியல் பட்டம் படித்தவள். கம்பியில் கரி எவ்வளவு, கந்தகம் எவ்வளவு, எத்தனை பாரத்துக்கு அறும், வளைத்தால் விரிசல் விடுமா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். பச்சை மையில் ஒரு டிக், பக்கத்தில் என் சுருக்கொப்பம். அது விழாமல் லாரி வாசலைத் தாண்டாது. என் கணவர் எட்டாவதோடு நிறுத்தியவர். பொன்னேரியை ஒட்டிய ஆரணியில் அவர்களுக்கு நெல் நிலம். தினமும் பைக்கில் போய் வருவார். அவர் வீட்டில் யாருக்கு ரத்தம் எடுத்தாலும் ரிப்போர்ட் என்னிடம்தான் வரும். மாமியாரின் சர்க்கரை, கொழுந்தனாரின் கொழுப்பு எல்லாவற்றையும் நான் பார்த்து, நல்லது கெட்டது சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மகளுக்கு அப்போது பத்து வயது. இமையின் நிறம் போகவில்லை. விரல் முட்டிகளில் சிவந்து செதில் செதிலாக எழும்பியது. சோப்பை மாற்றினேன். பிறகு பள்ளி வேனில் ஏறத் தடுமாறினாள். முழங்காலில் கையை ஊன்றி, உடம்பைத் தள்ளித்தான் படி ஏறினாள். வேன் ஓட்டுநர் சிரித்துக்கொண்டே, "இன்னா பாட்டி, ஏறு ஏறு, பிரேயருக்கு மணி அடிச்சிருவான்" என்றார். அவளும் சிரித்தாள். வாசலில் நின்று நானும் சிரித்தேன்.

உள்ளூர் மருத்துவர் அலர்ஜி என்று மாத்திரை கொடுத்தார். மூன்றாவது முறை போனபோது அங்கிருந்த வேறொரு மருத்துவர் அவள் விரல்களைத் திருப்பிப் பார்த்துவிட்டு, உடனே சென்னைக்குக் கூட்டிப்போகச் சொல்லி, குழந்தைகளுக்கான மூட்டு, தசை நிபுணர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் காலை மின்சார ரயிலில் போனோம்.

நிபுணர் என் வயதுப் பெண்மணி. மகளைத் தரையில் உட்காரவைத்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார். அவளால் முடியவில்லை. குப்புறத் திரும்பி, கைகளை ஊன்றி, இடுப்பைத் தூக்கி, தவழும் குழந்தை போல எழுந்தாள். என் பத்து வயது மகள் எங்கள் வீட்டுத் தரையிலிருந்து இப்படித்தான் எழுந்துகொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. மருத்துவர் அவள் உள்ளங்கைகளை வெகுநேரம் பார்த்தார். ரேகைகளின் மேல் சிறு சிவப்புப் புள்ளிகள் இருந்தன. வலிக்குதா என்று கேட்டார். பேனா பிடிச்சா வலிக்கும் என்றாள். அதுவும் எனக்குப் புதுச் செய்தி.

குழந்தைகளுக்கு வரும் தசை அழற்சி நோய் என்றார் மருத்துவர். கிருமியை அடிக்க உடம்பு செய்துகொள்ளும் பொருள் ஆன்டிபாடி. சில குழந்தைகளுக்கு அது தன் தசையையும் தோலையுமே குறிவைத்துவிடும். அப்படிக் குறிவைக்கும் ஆன்டிபாடிகளில் பல வகை உண்டு, வகைக்கு வகை நோயின் நடத்தை மாறும் என்று சொல்லி, ரத்தம் எடுத்து வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினார். மார்பு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. தசை கெட்டால் ரத்தத்தில் ஏறுகிற ஒரு நொதி ஏறவே இல்லை. அதைக் கேட்டு நான் நிம்மதியாக மூச்சுவிட்டபோது அவர் முகத்தில் நிம்மதி இல்லை. ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்து, மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார். ஆன்டிபாடி ரிப்போர்ட் உங்கள் போனுக்குத்தான் வரும், வந்த அன்றைக்கே எனக்கு அனுப்புங்கள் என்று இரண்டு தடவை சொன்னார்.

இதை எழுதும்போது இந்த இடத்துக்கு வந்தாலே என் கை நின்றுவிடுகிறது.

பன்னிரண்டாம் நாள் காலை பதினோரு மணிக்கு, சோதனைக் கூடத்தில் இருந்தபோது ரிப்போர்ட் வந்தது. ஒரே பக்கம். வரிசையாகப் பதினாறு பெயர்கள். பெயர்கள் என்றால் எழுத்தும் எண்ணுமாக, எங்கள் எஃகு ரகங்களின் பெயர்கள் போலவே. பதினைந்துக்கு நேராக நெகட்டிவ். எம்டிஏ-5 என்ற ஒன்றுக்கு நேராக மட்டும் பாசிட்டிவ்.

அதே நேரம் உருட்டுப் பிரிவின் மேஸ்திரி உள்ளே வந்தார். ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அன்று காலை அவர் பிரிவில் ஒரே தடவையாக உருட்டிய லாட்டில் ஒரு கம்பியை இயந்திரத்தில் இழுத்துப் பார்த்தபோது குறைந்த பாரத்திலேயே அறுந்துவிட்டது. நான் ஃபெயில் போட்டிருந்தேன். எங்கள் வேலையில் அதற்கு ஒரு விதி உண்டு. ஒரு கம்பி தோற்றால் அதே லாட்டின் வேறு வேறு இடங்களிலிருந்து இன்னும் இரண்டு வெட்டி இழுக்க வேண்டும். இரண்டும் தேறினால் லாட் முழுவதும் தேறியதாகக் கணக்கு. தோற்ற கம்பியைப் பற்றி அதன்பின் யாரும் பேசுவதில்லை. அவர் இரண்டு துண்டுகளையும் மேசைமேல் வைத்தார்.

"இந்தாம்மா, ரெண்டும் வெட்டினு வந்துட்டேன். நீ ஃபெயில் போட்டா அந்தப் பெருமாளே எறங்கி வந்தாலும் பாஸ் ஆவாது, எனக்குத் தெரியும். ஆனா இது ரெண்டும் சிங்கம். இழுத்துப் பாரு."

இழுத்தேன். இரண்டும் தேறின. பச்சை மையில் டிக் போட்டேன். அவர் சலாம் வைத்துவிட்டுப் போனார். பிறகு போனை எடுத்து மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்தேன். பதினாறில் ஒன்று. சோதனையில் பிசகு வராத ஆய்வகம் எது? இன்னும் இரண்டு இடத்தில் பார்த்துவிட்டு மருத்துவரிடம் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். யோசித்துச் செய்த முடிவு என்றுகூடச் சொல்லமுடியாது. பதினெட்டு வருடப் பழக்கம் எனக்காக முடிவு செய்தது. உள்ளுக்குள் பயமும் இருந்தது. பயத்துக்குச் செய்ய ஏதாவது ஒரு வேலை வேண்டியிருந்தது.

மாலையில் கணவர் கேட்டார்.

"இன்னா, நல்லா கீதா இல்லியா, அத்த மட்டும் சொல்லு."

"எல்லாம் நெகட்டிவ்தான். ஒண்ணு மட்டும் மறுபடி பாக்கணும்" என்று சொல்ல நினைத்தேன். முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

மூன்றாம் நாள் அமாவாசை. தோலில் எது வந்தாலும் திருவள்ளூர் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பது அவர் குடும்பத்து வழக்கம். வெல்லம் கரைவதுபோல நோயும் கரையும் என்று. மூவரும் போனோம். குளத்துப் படியில் மகளை அவள் அப்பா தூக்கப் போனார். "தூக்காத நைனா, நானே எறங்குவேன்" என்று ஒவ்வொரு படியாக இறங்கி, வெல்லக்கட்டியைத் தண்ணீரில் விட்டாள். திரும்பும்போது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னேன். தசை நோய்க்கான ஆன்டிபாடி பார்க்க வேண்டும் என்றேன். கல்லாவில் இருந்த பெண் பட்டியலைத் தேடிவிட்டு, எங்களிடம் ஏஎன்ஏ என்ற சோதனைதான் இருக்கிறது, உடம்பு தனக்கு எதிராகச் செய்யும் ஆன்டிபாடிக்கு எல்லாரும் அதைத்தான் எழுதுவார்கள் என்றாள். எடுக்கச் சொன்னேன். இரண்டு நாளில் நெகட்டிவ் என்று வந்தது. இரண்டாவது சாம்பிள் வேறு இடத்தில் இருக்க வேண்டும் அல்லவா? ஆறாம் நாள் ஆரணியிலிருந்து திரும்பும்போது பொன்னேரியில் கொடுத்தேன். இந்த முறை ஏஎன்ஏ என்று நானே பெயர் சொல்லிக் கேட்டேன். எட்டாம் நாள் அதுவும் நெகட்டிவ். இரண்டு தாள்களையும் கோப்பில் கோத்தேன். கை தானாகப் பச்சைப் பேனாவை எடுத்து இரண்டிலும் டிக் போட்டது.

இடையில் அவளுக்கு வறட்டு இருமல் தொடங்கியிருந்தது. எங்கள் ஊரில் யாருக்கு இருமல் இல்லை? மொட்டை மாடியில் வெள்ளைச் சட்டை காயப்போட்டால் சாயங்காலம் சாம்பல் நிறத்தில் எடுக்கிறோம். புகையின் இருமல் என்று வெந்நீர் கொடுத்தேன். ஸ்டீராய்டில் அவள் முகம் பூசினாற்போல் ஆகியிருந்தது. நன்றாகச் சாப்பிட்டாள். பார்த்தவர்கள் தேறிவிட்டாள் என்றார்கள்.

எட்டாம் நாள் மாலை தமிழ்ப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வரியின் நடுவில் நின்றாள். பிறகு படித்தாள். மறுபடி நடுவில் நின்றாள். சமையலறையிலிருந்தே, வரிசையாகப் படி, ஏன் இழுக்கிறாய் என்று அதட்டினேன்.

"மூச்சு வாங்குதும்மா."

மெதுவாகப் படி, யாரும் துரத்தவில்லை என்றேன்.

மறுநாள் மருத்துவர் வரச் சொன்ன நாள். கோப்பை நீட்டினேன். மூன்று தாள்களையும் வரிசையாக அடுக்கி, மேலே நல்ல தாள்கள் இரண்டையும் வைத்திருந்தேன். அவர் இரண்டையும் புரட்டினார். மூன்றாவதில் நின்றார்.

"அம்மா, இது எப்ப வந்துச்சு?"

"ஒன்பது நாள் ஆச்சு டாக்டர். அதான் மறுபடி ரெண்டு எடத்துல..."

அவர் உடனே எழுந்தார். மகளின் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டினார். தொண்ணூற்றொன்று. நடைபாதையின் முனைவரை நடந்து திரும்பி வரச் சொன்னார். அவள் கைகளை வீசிக்கொண்டு உற்சாகமாகத்தான் நடந்தாள். திரும்பி வந்து விரலை நீட்டியபோது எண் எண்பத்தாறு. எனக்கு எண்களைப் படிக்கத் தெரியும். எந்த எண் எந்த எல்லைக்குக் கீழே இருக்கிறது என்பது எனக்கு உடனே தெரியும். 

மருத்துவர் செவிலியரை அழைத்துப் படுக்கைக்கும் ஸ்கேனுக்கும் சொன்னார். பிறகு அந்த இரண்டு தாள்களைக் காட்டி, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இந்த டிக் யாரு போட்டது?"

"நான்தான்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். ஒரு காகிதத்தை இழுத்து, பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார்.

"நீங்க எடுத்தது வேற டெஸ்ட்டும்மா. இவளுக்கு இருக்கிற ஆன்டிபாடி பல நேரம் அதுல தெரியவே தெரியாது. இத நூறு தடவ எடுத்தாலும் நெகட்டிவ்னு வரலாம்."

என் வேலையின் கணக்கில் சொன்னால், இழுவையில் தோற்ற கம்பியை மறுபடி இழுக்காமல் நான் இரண்டு முறை வளைத்துப் பார்த்திருக்கிறேன். வளைந்தது, விரிசல் இல்லை என்று மகிழ்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பயிற்சிக்கு வந்து முதல் வாரம் ஆனவர்கள்கூட எங்கள் கூடத்தில் இந்தத் தவற்றைச் செய்யமாட்டார்கள்.

அவர் மேலும் சொன்னார். சில ஆன்டிபாடிகள் இருக்கும் குழந்தைகளுக்குத் தோலுக்கடியில் சுண்ணாம்புக் கட்டிகள் வரும். சிலருக்குத் தசை மிகவும் தளர்ந்து விழுங்கவே சிரமப்படுவார்கள். இந்த ஒன்று இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தசை அவ்வளவாகக் கெடாது, நொதியும் ஏறாது. ஆனால் சிலருக்கு நுரையீரலில் இறங்கும். இறங்கினால் வேகமாக இறங்கும். உள்ளங்கைப் புள்ளிகளைப் பார்த்தபோதே அவருக்குச் சந்தேகம். அதனால்தான் வந்த அன்றைக்கே அனுப்பச் சொன்னார். நான் எதை வைத்து நிம்மதிப்பட்டேனோ அதுவே அவருக்குக் கவலையாக இருந்திருக்கிறது.

ஸ்கேன் படத்தில் நுரையீரலின் அடிப்பகுதி இரண்டு பக்கமும் கண்ணாடியில் ஆவி படிந்ததுபோல் வெளுத்திருந்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்து மூக்கில் குழாயோடு, ஆண்டு விழாவுக்குள் வீட்டுக்குப் போய்விடலாமா என்று கேட்டாள். தெரியாத விஷயத்துக்கெல்லாம் பதில் சொல்லிப் பழகியவள், டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மத்தியானம் கணவர் வந்தார். நாற்றங்காலில் நின்றவர் அப்படியே கிளம்பியிருக்கிறார். கணுக்காலில் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. நடைபாதை நாற்காலியில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பதினாறு பெயர், ஒன்று பாசிட்டிவ், அவரிடம் பாதியை மறைத்தது, திருவள்ளூர், பொன்னேரி, டிக். அவர் கணுக்காலில் காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டார். கடைசியில் ஒன்றுதான் சொன்னார்.

"எங்கைல குடுத்திருந்தீனா நான் பயந்துனு அப்பவே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டிருப்பேன். எனக்குத்தான் அதெல்லாம் பிரியாதே."

கோபமாகச் சொல்லவில்லை. நெல்லுக்குத் தண்ணீர் விட மறந்ததைச் சொல்வதுபோல் சொன்னார். அதன்பிறகு இன்றுவரை அவர் அதைப் பேசியதில்லை. நான்தான் குளிக்கும்போதும், ஷிப்டு பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதும் அந்த வாக்கியத்தைக் கேட்கிறேன்.

முதல் பத்து நாள் நிலைமை எந்தப் பக்கமும் சாயலாம் என்று இருந்தது. நரம்பு வழியாகப் பெரிய அளவில் ஸ்டீராய்டு, அதன்மேல் இன்னும் இரண்டு மருந்துகள், பிறருடைய ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடிகள் பாட்டில் பாட்டிலாக. தன் உடம்பின் ஆன்டிபாடியை அடக்க ஊரார் ஆன்டிபாடியை ஏற்றுகிறார்களே என்று வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். நான் திரையில் எண்ணைப் பார்த்தபடி இருந்தேன். தொண்ணூறு, எண்பத்தொன்பது, தொண்ணூற்றொன்று. ஆறாம் நாள் இன்னும் பெரிய முகமூடியை மாட்டினார்கள். அதற்குள்ளிருந்து என்னிடம் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. என் மூக்குக்கண்ணாடி முகமூடியில் இடிக்கக் காதை வைத்தபோது, "அழாதம்மா, கண்ணாடியில ஆவி அடிக்குது உனக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாவது வாரத்தில் எண் மெல்ல மேலே ஏறியது. நாற்பது நாள் கழித்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வேன் ஓட்டுநர் வாசலுக்கு வந்து, அவளைப் பார்த்துவிட்டு, பாட்டி என்று கூப்பிட வாயெடுத்துக் கூப்பிடாமலே திரும்பிப் போனார்.

இப்போது அவள் ஆறாவது படிக்கிறாள். நுரையீரலின் அடியில் ஒரு கீற்று தழும்பாக நின்றுவிட்டது. அது பெருகவில்லை என்கிறார்கள். மருந்து தொடர்கிறது. கடைசியாகப் போனபோது, மகளை எடை பார்க்க அனுப்பிவிட்டு, இத்தனை மாதமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன். அந்த ஒன்பது நாளில் வந்திருந்தால் அந்தக் கீற்று வந்திருக்காதா?

மருத்துவர் பேனாவை மூடி வைத்தார்.

"தெரியாதும்மா. வந்திருக்காதுன்னு சொன்னாலும் பொய், வந்துதான் இருக்கும்னு சொன்னாலும் பொய்."

தேறியது, தோற்றது என்ற இரண்டு பெட்டிகளில் ஒன்றில் போடமுடியாத ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டார். அதை எங்கே வைப்பதென்று இன்னும் தெரியவில்லை.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்தில் மேஸ்திரியின் லாட்டில் மறுபடி ஒரு கம்பி தோற்றது. இரண்டு துண்டுகளை வெட்டிக்கொண்டு வந்தார். சிங்கம் என்று சொல்லவில்லை. மேசைமேல் ஓசையில்லாமல் வைத்துவிட்டு, "பாப்பா நல்லா கீதாம்மா?" என்று மட்டும் கேட்டார். இரண்டையும் இழுத்தேன். இரண்டும் தேறின. விதிப்படி கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். அதன்பிறகும் பச்சைப் பேனாவை மூடாமல் தோற்ற கம்பியையே நான் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரிப்போர்ட் இப்போது நேராக மருத்துவருக்கும் கணவருக்கும் போகிறது. கணவர் அதைத் திறந்ததும் புரிகிறதோ இல்லையோ முதலில் மருத்துவரின் செவிலியருக்குப் போன் போடுகிறார். நான் கடைசியாகத்தான் பார்க்கிறேன்.

நேற்று மாலை அவள் முன்னறையில் வரலாற்றுப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். நான் தோசைக்கல்லின் முன்னால் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். பாடம் என் காதில் ஏறுவதில்லை. வரிகள் மட்டும்தான். ஒரே மூச்சில் எத்தனை சொல், எங்கே நிறுத்துகிறாள், முற்றுப்புள்ளியிலா, அதற்கு முன்பா. நான்கு வரி, ஐந்து வரி சீராகப் போனது. ஆறாவது வரியின் நடுவில், ஒரு சொல் பாதியில் நிற்க, குரல் அறுந்தது.

தோசைத் திருப்பியோடு ஓடினேன். கதவு நிலையில் தோள் இடித்தது. அவள் நிமிர்ந்து என்னையும், என் கையில் இருந்ததையும், விரலில் மாட்டத் தயாராக மறு கையில் நான் எடுத்திருந்த கிளிப்பையும் பார்த்தாள்.

"பக்கம் திருப்புனேம்மா" என்றாள்.

திருப்பிய பக்கத்தில் மீதிச் சொல்லைப் படித்தாள். நான் அங்கேயே நின்றேன். உள்ளே தோசை கருகும் வாசனை வந்தது. அவள் விரலை என்னிடம் நீட்டியபடியே அடுத்த வரியைப் படித்தாள்.